கொக்குக் கடையின் மூன்றாம் டேங்க்

2009ஆம் வருடம் பிப்ரவரி மாதம் துபாயில் சத்வா பகுதியின் கொக்குக் கடையை மூடியபோது, மூன்றாம் டேங்கிலிருந்த பீரை மட்டும் கொட்டித் தீர்க்க முடியவில்லை. மற்ற டேங்குகள் ஒரே முற்பகலில் காலியாயின. மூன்றாவதன் அடிவால்வைத் திறந்ததும் பீர் நுரைத்துக்கொண்டு தரை வாய்க்காலில் இறங்கியது. அன்று பகல் முழுக்க ஓடியது, மறுநாளும் ஓடியது. டேங்கின் பக்கத்திலிருந்த கண்ணாடிக் குழாயில் மட்டம் இம்மியும் இறங்கவில்லை. பின்தெருவின் சாக்கடை மூடிகளைச் சுற்றிப் பூனைகள் கால்களைப் பரப்பிக்கொண்டு தூங்கின. சாராய லைசன்ஸ் விஷயமாக அரசு அலுவலகத்திலிருந்து வந்த இருவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, வால்வை மூடச் சொல்லி அதன்மேல் ஈய முத்திரை வைத்தார்கள். காலி செய்யும் வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு அன்று இன்னும் மூன்று கடைகள் மூட வேண்டியிருந்தது.

கடையின் உண்மையான பெயர் காப்பர் ஹெரன். ஏழு மாடி ஹோட்டல் ஒன்றின் கீழ்த்தளத்தில் இருந்தது. வாசலில் ஒற்றைக்காலில் நின்ற செம்பு நிறக் கொக்கு விளக்கை வைத்து டாக்ஸிக்காரர்களும் தையல்கடைக்காரர்களும் அதற்குக் கொக்குக் கடை என்று பெயர் வைத்திருந்தார்கள். அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றினார்கள் என்பதுதான் அதன் புகழ். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் டேங்குகள் பளபளத்துக்கொண்டு நிற்க, கிரேன் வியாபாரிகளும் வங்கிக்காரர்களும் விமான கம்பெனிப் பெண்களும் வியாழக்கிழமை மாலைகளில் வரிசையில் காத்திருந்து உள்ளே போனார்கள். பச்சை எண்கள் எழுதப்பட்டு இடிபடக் காத்திருந்த சத்வா வீடுகளிலிருந்து பார்த்தால், அந்த வரிசை முடிவில்லாத ஒன்றாகத் தெரிந்தது. பிறகு பணம் வற்றிய அந்தக் குளிர்காலத்தில் வரிசை வாசலுக்குள் சுருங்கி, வாசலிலிருந்து நாற்காலிகளுக்குச் சுருங்கி, நாற்காலிகளிலும் ஆளில்லாமல் போனது.

அம்மையப்பன் அங்கே டேங்க் கழுவுபவனாக இருந்தான். திருமயத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 2006இல் வந்தவன். காலியான டேங்கின் வாய் வழியாக உள்ளே நுழைந்து சுவர்களைத் தேய்ப்பது அவன் வேலை. உள்ளே இருக்கும்போது அவன் மூச்சு அவனுக்கே திரும்பக் கேட்கும். அதை அவன் விரும்பினான். ஒருநாளும் குடித்ததில்லை. ஊரில் ஜூஸ் கம்பெனி என்று சொல்லிவைத்திருந்தான். அவன் வந்த சில மாதங்களில் மனைவி பத்மாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாரணி என்று பெயர் வைத்தார்கள். அவன் அவளைப் பார்த்ததில்லை. காதுகுத்தை அவனுக்காக இரண்டு முறை தள்ளிப்போட்டாயிற்று. இந்த வைகாசியில் அப்பன் பக்கத்தில் நின்றால்தான் குத்துவது என்று பத்மா உறுதியாக இருந்தாள்.

கடை மூடினால் ஊருக்குப் போய்விடலாம் என்றுதான் அவனும் நினைத்திருந்தான். ஆனால் டேங்க் காயாமல் லைசன்ஸைத் திருப்பித் தர முடியாது, லைசன்ஸ் திரும்பாமல் அதன் பேரிலிருந்த கடைசி விசாவை ரத்து செய்ய முடியாது, விசா ரத்தாகாமல் பாஸ்போர்ட் கைக்கு வராது. மற்றவர்களை எல்லாம் முன்னமே அனுப்பியிருந்ததால் கடைசி விசா அம்மையப்பனுடையதாக இருந்தது. ஹோட்டல் மேனேஜர் அவனைக் கூப்பிட்டு, டேங்கைப் பார்த்துக்கொள்ளும்படி சொன்னார். போனில் பத்மா கேட்டாள்: "கம்பெனிய மூடுனா மொதல்ல ஆளத்தானே அனுப்புவாக? ஜூஸ காவல் காக்கவா ஒரு மனுசன வச்சிருக்காக?"

டேங்கின் தலையிலிருந்து ஒரு குழாய் இறங்கித் தண்ணீர் வாளிக்குள் மூழ்கியிருக்கும். உள்ளே நுரைக்கும்போது எழும் காற்று அந்த வழியாகக் குமிழ் விட்டு வெளியேறும். அந்த வாளித் தண்ணீரைத் தினமும் மாற்றுவதுதான் அவனுக்கு மிஞ்சிய வேலை. மார்ச் மாதத்தில் ஒரு மாலை, முன்பு கடை திறக்கும் நேரத்தில், குமிழ்கள் பேசத் தொடங்கின. முதலில் கேட்டது பீர் காய்ச்சும் பெல்ஜியக்காரரின் இருமல். காரை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு அவர் போய் ஒரு மாதமாகியிருந்தது. அவர் யாரிடமோ தன் மொழியில் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். அடுத்து ஒரு கிரேன் வியாபாரி மனைவியோடு சண்டை போட்டார். மனைவியின் குரல் கேட்கவில்லை. பிறகு கொல்லத்துக்குத் திரும்பிப் போன வெயிட்டர் தோமாச்சன் மத்தி மீனுக்குப் பேரம் பேசுவது தெளிவாகக் கேட்டது. அம்மையப்பன் மறுநாள் அவனுக்கு போன் செய்து விசாரித்தான். ஆமாம், அந்த நேரத்தில் மீன் சந்தையில்தான் நின்றேன், உனக்கு யார் சொன்னது என்று தோமாச்சன் கேட்டான்.

இப்படியாக நாட்டைவிட்டு ஒரேயடியாகப் போனவர்களின் குரல்கள் வாளியில் சேர்ந்தன. போனவர்கள் அந்தந்த நேரத்தில் எங்கே இருந்து என்ன பேசினார்களோ அது இங்கே கேட்டது. நகரத்திலேயே தங்கிவிட்டவர்களின் குரல் ஒன்றுகூட வரவில்லை. ஏப்ரல் முடிவதற்குள் மாலை நேரங்களில் கடை பழைய வியாழக்கிழமைபோல இரைந்தது. நாற்காலிகள் மேசைகள்மேல் கவிழ்ந்து கிடந்தன. மாடியறைகளில் தங்கியவர்கள் சத்தத்தைப் பற்றி வரவேற்பில் புகார் சொன்னார்கள். பழக்கமாகிவிடும் என்று அவர்களுக்குப் பதில் சொல்லப்பட்டது, பழக்கமும் ஆகிவிட்டது.

வைகாசி நெருங்கியபோதுதான் அம்மையப்பனுக்குப் பிள்ளையார் ஞாபகம் வந்தது. முந்தின வருட ஆயுத பூஜையன்று மூன்றாம் டேங்குக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மஞ்சள்தூளைக் குழைத்துப் பிள்ளையார் பிடித்து, கொக்குப் படம் போட்ட அட்டையொன்றில் உட்காரவைத்திருந்தான். அருகம்புல்லுக்குப் பதில் ஹோட்டல் தோட்டத்துப் புல். கற்பூரம் ஏற்றினால் அலாரம் அடிக்கும் என்பதால் செல்போன் வெளிச்சத்தை மூன்று சுற்றுச் சுற்றினான். பூஜை முடிந்தால் பிள்ளையாரைக் கொஞ்சம் வடக்கே நகர்த்தி, வந்த இடத்துக்கே போகச் சொல்லி, தண்ணீரில் கரைத்துவிட வேண்டும். அன்று கப்பல் கம்பெனி விருந்துக்காரர்கள் சீக்கிரமே வந்துவிட்டார்கள். யல்லா, யல்லா என்று பெல்ஜியக்காரர் அவசரப்படுத்த, அட்டையை டேங்கின் காலுக்குப் பின்னால் தள்ளிவிட்டு ஓடியவன் அதன் பிறகு அதை நினைக்கவில்லை. கூப்பிட்டு உட்காரவைத்த ஒன்றை அனுப்பிவைக்காமல் விட்டிருக்கிறோம் என்பது புரிந்ததும் தரையில் மண்டியிட்டான். குனிந்து பார்த்தான். அட்டை மக்கிப் போயிருந்தது. மஞ்சள் அன்று காலை பிடித்ததுபோல ஈரமாக இருந்தது. புல்லும் வாடவில்லை.

ஜன்னலில்லாத அந்த அறையில் வடக்கு எதுவென்று அவனுக்குத் தெரியவில்லை. பின்வாசலுக்கு எதிரே மளிகைக்கடை வைத்திருந்த தொண்டிக்காரர் கௌஸ் முகம்மதுவைக் கூப்பிட்டான்.

"பாய், வடக்கு எந்தப் பக்கம்?"

"என்னப்பா, வாஸ்து பாக்கப் போறியா? கடையத்தான் இழுத்து மூடியாச்சே."

அம்மையப்பன் விஷயத்தைச் சொன்னான். கௌஸ் முகம்மது சிரிக்கவில்லை. தாடியைத் தடவிக்கொண்டு வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார்.

"உள்ள நான் வரமாட்டேன். அந்த வாடை சட்டையில ஏறுனா மறுபடி குளிச்சிட்டுத்தான் மகரிபு தொழுகைக்குப் போகணும். இந்தா, நான் தொழுகுற மாதிரி கிப்லாவப் பாத்து நிக்கிறேன். என் வலது கை நீட்டுற பக்கத்துல, இன்னும் ஒரு சாண் வலத்தால ஒதுக்கிக்க. அதான் வடக்கு." பிறகு கையை நீட்டியபடியே கேட்டார்: "கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா ஒங்க சாமி கோவிச்சுக்காதுல்ல?"

"தெரியல பாய்."

அவர் நீட்டிய கையைக் குறியாக வைத்து அம்மையப்பன் பிள்ளையாரை நகர்த்தினான். அய்யர் சொல்லும் மந்திரம் அவனுக்குத் தெரியாது. நிமிர்ந்தபோது டேங்கின் பளபளத்த உடம்பில் அவன் முகமே நீண்டு வளைந்து எதிரே தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "வந்த எடத்துக்குப் போய்ச் சேரு. ஒன்னையக் காணாமத் தேடுவாக," என்று சொன்னான். பிறகு மஞ்சளை வாளித் தண்ணீரில் கரைத்தான். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது டேங்கில் துடைப்பம் தெரிந்தது, வாளி தெரிந்தது, கதவருகே நின்ற கௌஸ் முகம்மதுவின் வெள்ளைச் சட்டைகூடத் தெரிந்தது. அவன் தெரியவில்லை. கண்ணாடிக் குழாயில் மட்டம் அப்படியே இருந்தது.

மறுநாள் மாலை வாளியில் ஒரு புதுக் குரல் வந்தது. திருச்சி பஸ் ஸ்டாண்டில் நின்று, திருமயத்துக்கு எந்த வண்டிண்ணே என்று யாரையோ கேட்டது. நம் ஊர்க்காரன் ஒருவன் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று அம்மையப்பன் சந்தோஷப்பட்டான். பின்வாசலில் நின்று கேட்ட கௌஸ் முகம்மது வாளியையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஒன் குரல்தான்பா அது," என்றார்.

மூன்று நாட்கள் அவன் பொறுத்திருந்தான். நான்காம் நாள் கார்டு வாங்கி வீட்டுக்கு போன் போட்டான். எடுத்தது ஆண் குரல்.

"அலோ, யாரு?"

"பத்மா இல்லையா?"

"மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருக்கு. நீங்க யாரு பேசுறது?"

"துபாய்லேருந்து. கூட வேல பாத்த ஆளு."

"அப்படியா, சொல்லுங்கண்ணே. நான் நல்லபடியா வந்து சேந்துட்டேன். புள்ளதான் மொத நாளு கிட்டயே அண்டல. மீசையப் பாத்து அழுதுச்சு. எடுத்துட்டேன். இப்ப பேரச் சொன்னாத் திரும்பிப் பாக்குது."

அம்மையப்பன் தன் மீசையைத் தொட்டுப் பார்த்தான். இருந்தது.

"டேங்கு காலியாயிருச்சாண்ணே?" என்றது குரல்.

"இல்ல."

"அதான பாத்தேன்." அந்தப் பக்கம் ஒரு கோழி கேறியது. "வாளித் தண்ணிய மட்டும் வத்த விட்றாதீக."

வைகாசியில் காதுகுத்து நடந்தது. தாய்மாமன் மடியில் குழந்தையை வைத்துக் குத்தினார்கள், அப்பன் பக்கத்தில் நின்றான். இதெல்லாம் அம்மையப்பனுக்கு அன்று முழுவதும் வாளியின் அருகே உட்கார்ந்து கேட்டதில் தெரிந்தது. அழாதடா, முடிஞ்சிருச்சு, முடிஞ்சிருச்சு என்று அவனுடைய குரலே திரும்பத் திரும்பச் சொல்லியது. கோபம் வரும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தான். வரவில்லை. போகவேண்டியவன் போய்விட்டான், டேங்குக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது, அந்த ஆள் இருக்கிறான் என்றுதான் தோன்றியது. மேனேஜரிடம் பாஸ்போர்ட்டைப் பற்றிக் கேட்பதை நிறுத்தினான். அலுவலகத்துக்காரர்கள் வந்து முத்திரையைப் பார்த்தார்கள், வேலை நடந்துகொண்டிருக்கிறது என்றே மறுபடி எழுதினார்கள். ஹோட்டல்காரர்கள் வாசலிலிருந்த கொக்கைக் கழற்றி எடுத்துப்போனார்கள்.

ஊரில் வீட்டுக்குக் கூரை மாற்றினார்கள், மாடு கன்று ஈன்றது, தாரணியைப் பால்வாடியில் விட்டார்கள். மாலை ஆனதும் வாளிக்குப் புதுத் தண்ணீர் ஊற்றிவிட்டு அம்மையப்பன் ஸ்டூலைப் போட்டு உட்காருவான். இரைச்சலுக்கு நடுவே தன் குரலைப் பிரித்தெடுக்கப் பழகியிருந்தான். இன்னைக்கு டீச்சர் என்னடா சொல்லிக் குடுத்தாக என்று அந்தக் குரல் கேட்கும். இங்கிருந்து போனவர்கள் குரல் மட்டுமே வாளியில் வரும் என்பதால் மகளின் பதில் மட்டும் கேட்காது. தொடக்கத்தில் அவள் பதிலுக்கான இடைவெளி ஒரு மூச்சளவுதான் இருந்தது, ஓரிரு சொல்லுக்கு மட்டும் இடம் கொடுத்தது. மழைக்காலத்துக்குள் அது வளர்ந்துவிட்டது. மார்கழியில் ஒரு மாலை அது முடிவதாகவே இல்லை. அம்மையப்பன் குறுக்கே ஒரு சத்தமும் எழுப்பாமல், அவள் சொல்லி முடிக்கும்வரை தண்ணீரைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டிருந்தான்.