மலையா, எழுத்தா

பொலிவியா நாட்டின் ஒரு பொலிவியானோ நாணயத்தில் பொட்டோசி மலை அம்சமாக இருக்கும். உச்சியில் சூரியன், அடிவாரத்தில் மரம், பக்கத்தில் அல்பாக்கா என்ற கம்பளி மிருகம். மலைக்குள் வெள்ளி தோண்டிச் சாகிற மனிதனுக்கு மட்டும் அதில் இடமில்லை. வரைந்த புண்ணியவான் மலையை வெளியிலிருந்தே பார்த்திருப்பான்.

சுரங்க வாசலில் குடிசை போட்டுக் கருவிகளுக்குக் காவல் இருப்பவள் பாசிலியா. அவள் புருஷன் செவெரோ, உள்ளே சரிந்த பாறைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டான். மேல் சுரங்கத்திலா, கீழ்ச் சுரங்கத்திலா என்று ஆண்களுக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரியும்.

"குடிசைக்குப் பின்னால, மேல் சுரங்கப் பக்கம் தட்டுற சத்தம் கேக்குது, தலைவரே. மேலதான் இருக்காரு. காதை வச்சுப் பாருங்க."

சங்கத் தலைவர் கிரிஸ்பின் காதை வைக்கவில்லை. "மலைக்குள்ள ஆயிரம் சத்தம் கேக்கும், தங்கச்சி."

"அப்போ நானே உள்ள போறேன்."

"நல்லா இருக்கே! பொம்பளை கால் வச்சா மலைக்குப் பொறாமை வந்துரும். தாது ஒளிஞ்சுக்கும்."

தகராறு வந்தால் மலையையே கேட்பது அந்தச் சங்கத்தின் வழக்கம். தரையில் கொஞ்சம் சாராயம் தெளித்தார்கள், மிச்சம் தொண்டைக்குள் போனது. மலை விழுந்தால் மேலே, எழுத்து விழுந்தால் கீழே. கிரிஸ்பின் நாணயத்தைச் சுண்டினார்.

எழுத்து விழுந்தது. ஒற்றுமையே பலம் என்று அந்தப் பக்கம்தான் பொறித்திருக்கும்.

"பாதிப் பேராவது மேல போங்கய்யா. உங்க காலைப் பிடிக்கிறேன்."

"என்ன எழுதியிருக்கு, பாத்தியா? பிரிஞ்சு போனா மலை கோவிச்சுக்கும்."

எல்லாரும் ஒற்றுமையாகக் கீழே போனார்கள். அந்த ஒற்றுமையில் இடி விழ.

பாசிலியா கல்லால் பாறையைத் தட்டினாள். உள்ளிருந்து பதில் தட்டு வந்தது. விடியவிடியத் தட்டினாள். மறுநாள் பதில் தயங்கித் தயங்கி வந்தது. அதற்கும் மறுநாள் வரவில்லை.

கீழே வெறும் பாறைதான் இருந்தது. பிறகு மேலே உடைத்தார்கள். தடுத்த கைகளைத் தள்ளிவிட்டு பாசிலியாவும் உள்ளே நுழைந்தாள். செவெரோ சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், உடம்பு சில்லிட்டிருந்தது.

"பாறை சரிஞ்ச அன்னைக்கே உயிர் போயிருக்கும்," என்றார் கிரிஸ்பின். "கஷ்டப்பட்டிருக்க மாட்டான்."

பாசிலியா குனிந்தாள். சுரங்கத்தில் கடிகாரம் கிடையாது. கன்னத்தில் அடக்கிய கோக்கா இலை சாறு வற்றிச் சக்கையானால், அதைத் துப்பிவிட்டுப் புது இலை போடுவார்கள். ஒரு சக்கை என்றால் அரை நாள் வேலை முடிந்தது என்று கணக்கு. செவெரோவின் காலடியில் கிடந்த சக்கைகளை ஒன்று விடாமல் பாவாடையில் பொறுக்கிக்கொண்டு வந்து, தலைவரின் இரண்டு கைகளிலும் கொட்டினாள்.

"செத்தவனா மென்னு துப்பினான்? எண்ணுங்க, தலைவரே."