பாதியில் நின்ற ஊசி

கிள்ளானில் செசிலியா செய்த கார் டாஷ்போர்டு மீட்டரை அசலுக்குப் பக்கத்தில் வைத்தால் எது எதுவென்று சொல்ல முடியாது என்பார்கள், பழைய கார் வைத்திருப்பவர்கள். தெலுக் பங்லிமா காராங்கில் இருந்த தொழிற்சாலை ஒன்றில் பத்தொன்பது வருஷம் அளவுக் கருவிகளைச் சரிபார்த்தவள் அவள். ஆலையை மூடிய பிறகு வீட்டுப் பின்னறையில் இந்த வேலையைத் தொடங்கினாள். எண்களின் வளைவு, ஊசியின் ஆரஞ்சு, கண்ணாடியில் ஏறிய லேசான மஞ்சள் எல்லாம் பழையபடியே இருக்கும். உள்ளே மட்டும் புது மோட்டார், புது சர்க்கிட்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வேலாயுதத்தின் டட்சனுக்கு ஐந்து மீட்டர் செய்தாள். அந்தக் காரில் புது எஞ்சினை மாட்டியவன் செந்தூலில் வொர்க்‌ஷாப் வைத்திருந்த குரு.

"சிஸ்டர், இந்த எஞ்சினோட சூட்டு சென்சர் வேற மாதிரி. இதை வச்சு டெஸ்ட் பண்ணிக்கிங்க லா," என்று ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனான்.

மீட்டர்கள் போய் மூன்று வாரம் இருக்கும். வேலாயுதம் மனைவி சீதாலெட்சுமியோடு பெந்தோங்குக்குப் போனபோது மேட்டுச் சாலையில் ஜாம். ரேடியேட்டர் விசிறியின் ஃபியூஸ் எரிந்து, பானெட்டுக்குள்ளிருந்து ஆவி வந்தது. மறுநாள் கார் குழுவின் வாட்சப்பில் கட்டுப் போட்ட கையின் படமும் அவர் குரலும் வந்தன.

"குருவை நம்பாதீங்க. அவன் செஞ்ச வேலை இது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன், கொதிக்கிற தண்ணி கழுத்து வரைக்கும் அடிச்சிருச்சி."

குரு ஒரே வரி எழுதினான்: 'ஆவி வரப்ப ஏன்ணே திறந்தீங்க?'

"மீட்டர் பாதியிலதான்டா நின்னுச்சி!"

செசிலியா பின்னறைக்குப் போனாள். மேசை இழுப்பறையைத் திறந்தாள். குரு கொடுத்த சென்சர் பிரிக்காத பிளாஸ்டிக் பையிலேயே கிடந்தது. அவசரத்தில் வழக்கமான சென்சரை வைத்தே சரிபார்த்து அனுப்பியிருக்கிறாள். அதே மாதிரி இன்னொரு மீட்டரில் குருவின் சென்சரை இணைத்து, அடுப்பில் வைத்த சட்டித் தண்ணீரில் இறக்கினாள். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. சிவப்புக் கோட்டை நெருங்கியிருக்க வேண்டிய ஊசி பாதியைத் தாண்டவே இல்லை.

அன்று செவ்வாய்க்கிழமை. உடனே சொல்லியிருக்கலாம். போனை எடுப்பாள், வைப்பாள். தொழில் போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். ஃபியூஸ் எரிந்ததற்குத் தான் என்ன செய்வது என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டது இன்னொரு பக்கம். இதற்குள் குருவிடம் விட்டிருந்த கார்களை இரண்டு பேர் திரும்ப எடுத்துக்கொண்டு போனதாகக் குழுவில் செய்தி வந்தது.

வெள்ளிக்கிழமை காலை பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போனாள். கதவைத் திறந்த சீதாலெட்சுமி, "வாங்க செசிலியா, பார்க்க வந்தீங்களா?" என்று உள்ளே அழைத்தாள். அந்த வரவேற்பே செசிலியாவைச் சுட்டது.

"அண்ணே, தப்பு குருவோடது இல்லை. என்னோடது. அவர் கொடுத்த சென்சரை வச்சு நான் டெஸ்ட் பண்ணல. உங்க மீட்டர் பொய் காட்டியிருக்கு."

வேலாயுதம் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார்.

"ஊசி ஏறியிருந்தா நான் மூடியைத் தொட்டிருக்கவே மாட்டேன்மா."

"தெரியும்ணே."

"குருவை ஊரே கேட்கிற மாதிரி பேசிட்டேனே… நீயே எழுது. இப்பவே எழுது."

அவர் எதிரிலேயே உட்கார்ந்து குழுவில் எழுதினாள். செவ்வாய்க்கிழமையே தெரிந்துவிட்டது என்பதையும் மறைக்கவில்லை. படித்து முடித்த சீதாலெட்சுமி அடுப்படிக்குப் போய்விட்டாள். தேநீர் வரவில்லை.

மாலையில் குரு போன் செய்தான். அவனிடம் கோபம் இருக்கும் என்று நினைத்திருந்தாள். அசதிதான் இருந்தது.

"தப்பு எல்லாருக்கும் வரும், சிஸ்டர். ஆனா அந்த மூணு நாளு, என் அம்மாவே என்கிட்ட கேட்டாங்க, 'நீ ஒழுங்காத்தான் செஞ்சியா'ன்னு."

அவள் மன்னிப்புக் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டான்.

செசிலியாவின் கையிலிருந்த மூன்று ஆர்டர்களில் இரண்டு நின்றுபோயின. குருவின் வொர்க்‌ஷாப்புக்கு ஒரு கார்தான் திரும்பி வந்தது. வேலாயுதத்தின் காயம் ஆறியது, விரல்கள் மட்டும் இன்னும் முழுதாக மடங்கவில்லை. செசிலியா அவருக்குப் போன் செய்யும்போதெல்லாம் சீதாலெட்சுமிதான் எடுக்கிறாள், "தூங்குறாரு" என்கிறாள்.