நான்காவது தட்டு

பக்கவாதம் வந்த பிறகு அக்காவுக்குக் கைகால் ஓரளவு மீண்டது. பேச்சுதான் மீளவில்லை. விமான நிலையத்தில் வருடக்கணக்காக அறிவிப்புச் சொன்ன குரல் அது.

தண்ணீர் கேட்க நினைப்பாள். அந்தச் சொல் குளத்தின் அடியில் கூழாங்கல்லாக மினுங்கும். எட்டி எடுக்கப் போனால் கலங்கிவிடும். நாள் முழுக்க அரைத்தூக்கத்தில் மிதப்பது போலிருந்தது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வரும் பயிற்சியாளர் அம்மா சொல்லித் தந்த ‘வா’, ‘போ’ எதுவும் நாக்கில் ஒட்டவில்லை.

ஒரு மதியம், திரைச்சீலை மெல்ல உப்பி அடங்கிக்கொண்டிருந்தபோது, அவள் விரல் தானாகப் போர்வையில் தட்டியது. ஆறு தட்டு. நான்காவது மட்டும் அழுத்தமாக.

லிஃப்ட் மெக்கானிக்கான தம்பி பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். “என்னக்கா, கச்சேரியா?”

மறுபடி அதே ஆறு தட்டு.

பயிற்சிக்கு வந்திருந்த அம்மா கூர்ந்து பார்த்தாள். “பாட்டு மாதிரி தெரியலீங்க. தட்டுக்கு ஒரு அசைன்னா, ஏதோ நீளமான இங்கிலீஷ் வார்த்தை. வேலையில அடிக்கடி என்ன சொல்வாங்க?”

“உங்க பெட்டிக்கு நீங்கதான் பொறுப்புன்னு... ஆங், ரெஸ்பான்ஸிபிலிட்டி!”

‘பான்’ மேல் ஓங்கி அடித்தான். அக்கா முகம் சுளித்தாள்.

“ஏன்? ரெஸ்பான்ஸிபிள்னா அங்கதானே அழுத்தறோம்?”

“ஆமா. ஆனா வால்ல ‘இட்டி’ வந்து ஒட்டினா அழுத்தம் நகர்ந்து நாலாவது ‘பி’க்குப் போயிடும்” என்றாள் பயிற்சி அம்மா.

அவன் திரும்பவும் ‘பான்’ மேலேயே விழுந்தான். அக்கா பொறுமையிழந்து அவன் கையைப் பிடித்துத் தட்டினாள். அவளுக்குள் விமான நிலையத்தின் விடிகாலைக் கூடம் விரிந்தது. கண்ணாடிக்கு அப்பால் பனி, எங்கிருந்தோ மிதந்து வரும் தன் குரல்.

“ரெஸ்... பான்... ஸி... பி... லி... ட்டி.”

தம்பி சுளையும் கையுமாகச் சிலையானான். “அடிப்பாவி! நான் தப்பா சொன்னா மட்டும் உனக்கு வாய் வந்துடுமா?” என்றவனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அதன்பின் நீளச் சொற்களே முதலில் வந்தன. பயிற்சி அம்மா அவற்றின் வாலை நறுக்கி நறுக்கிச் சின்னதாக்கிச் சொல்ல வைத்தாள். மெல்ல மெல்லத் தமிழும் வந்தது, தயங்கித் தயங்கி. மைக் முன்னால் அக்கா திரும்ப உட்காரவில்லை.

தூறல் போட்ட ஒரு காலையில், வேலைக்குக் கிளம்பிய தம்பியை வாசலில் நிறுத்தினாள்.

“டேய்... குடை.”

எடுத்துக்கொண்டான். தெரு முனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.