கராஜில் ஒரு கேலன் பீர்

சபரிநாதனுக்கு வயது நாற்பத்தொன்று. உருப்படியாக ஒரு டீ போடத் தெரியாது. அப்பேர்ப்பட்ட மனுஷன் வீட்டிலேயே பீர் தயாரிக்கப் போகிறேன் என்று கிளம்பினால் பெண்டாட்டி சும்மா இருப்பாளா? அவர்கள் குடியிருக்கும் அமெரிக்க ஊரான ஆலனில் கடைக்குக் கடை பீர் கொட்டிக் கிடக்கும்போது இதென்ன கிறுக்கு என்று புஷ்பவல்லி ஒரு பிடி பிடித்தாள். கடைசியில் ஒரே ஒரு தடவைக்குச் சம்மதித்தாள். வீட்டுக்குள் வாடை வரக்கூடாது, கார் நிறுத்தும் கராஜில்தான் வைக்க வேண்டும். சொதப்பினால் சாமான் மொத்தமும் குப்பைக்கு.

அதுவே அவனுக்குப் பெரிய வரம். கடையில் வாங்கிய பீர் கிட்டில் இருந்த மால்ட் என்கிற பார்லிப் பாகை வெந்நீரில் கரைத்து, ஆறவைத்து, கண்ணாடி ஜாடியில் ஊற்றி, ஈஸ்ட்டைத் தூவி மூடினான். மூடியில் தண்ணீர் விட்ட சின்னக் குழாய் ஒன்று இருந்தது. ஈஸ்ட் வேலை செய்தால் இரண்டே நாளில் அதில் குமிழி வரும் என்று குறிப்பில் போட்டிருந்தது.

நான்கு நாள் ஆயிற்று, ஒரு குமிழி இல்லை. வீட்டிலிருந்தே பார்க்கிற ஆபீஸ் மீட்டிங்குக்கு நடுவே எழுந்து எழுந்து போய் ஜாடி முன்னால் குந்திப் பார்த்தான். ஜனவரிக் குளிரில் கராஜ் ஐஸ்பெட்டியாக இருந்தது, ஈஸ்ட் விறைத்துப் போயிருக்கும் என்பது அந்த மேதைக்கு உறைக்கவே இல்லை. தன் கை பட்டால் எதுவுமே விளங்காது என்று முடிவு கட்டிவிட்டான். வெள்ளிக்கிழமை ராத்திரி சோறுகூட இறங்கவில்லை. நாளைக்குக் கொட்டிவிடுகிறேன் என்றான்.

சனிக்கிழமை காலை கராஜில் ஜாடியைக் காணோம். நானே கொட்டுவதற்குள் இவளுக்கு என்ன அவசரம் என்று சுர்ரென்று கோபம் ஏற, சமையலறைக்குள் நுழைந்தான்.

ஓவன் கதவில் ‘ஆன் பண்ணாதீங்க’ சீட்டு ஒட்டியிருந்தது. வாராவாரம் ஒட்டுகிற சீட்டுதான். குளிர்காலத்தில் ஓவன் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைத்தால்தான் அந்த வீட்டில் இட்லி மாவு பொங்கும். ஆனால் மாவுப் பாத்திரம் வெளியே மேடைமேல் இருந்தது, மாவு பொங்காமல் அரைத்தபடியே கிடந்தது. ஓவனுக்குள் அவனுடைய ஜாடி. நுரை கழுத்துவரை ஏறி, குழாயில் குமிழி விடாமல் வந்துகொண்டிருந்தது.

புஷ்பவல்லி ரவை வறுத்துக்கொண்டிருந்தாள். பதினொரு மணிக்குத் தமிழ்ப் பள்ளித் தோழிகள் ஐந்து பேர் அவள் இட்லிக்கென்றே வருகிறார்கள். விருந்தாளிக்கு உப்புமா போடுகிறவர்களை வருஷம் முழுக்கக் கிண்டல் செய்கிறவள் அவள்.

“நீ சும்மா இருந்திருந்தாலே ஜெயிச்சிருப்பியே, வல்லி,” என்றான்.

“ஜெயிச்சு? உங்க தொங்கிப்போன மூஞ்சிய தினமும் யாரு பாக்கறது?” என்று அவள் திரும்பாமலே ரவையைக் கிளறினாள்.

தோழிகள் வந்து, தட்டைப் பார்த்து, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் வாயைத் திறப்பதற்குள் சபரிநாதன் முந்திக்கொண்டான்.

“இட்லி வேணாம், உப்புமாதான் வேணும்னு நான்தாங்க அடம் புடிச்சேன்.”

உப்புமா என்றாலே முகத்தைச் சுளிக்கிறவன், அவர்கள் எதிரிலேயே இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.