மீசையில் ஒட்டி வந்த ஈயம்

1

இந்தக் கதை என் பெருமையில் பிறந்தது. பேட்டரி ஸ்கூட்டர் வாங்கிய நாளிலிருந்து, சிக்னலில் புகை விட்டபடி நிற்பவர்களைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்திருந்தது. மூன்றாம் வருடம் அதன் ஈய பேட்டரி படுத்துவிட்டது.

"பழச இங்கயே போட்டுட்டுப் போங்க, பாத்துக்கறோம்" என்றார் கடைக்காரர்.

யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டேன். வழியும் சொல்லிவிட்டார். போனேன்.

2

முதல் தொடக்கம்: 'அந்தத் தகரக் கொட்டகைக்குள் மரணம் மெல்ல மெல்ல—'

வேண்டாம். கொட்டகைக்குள் ஒருவர் பேட்டரிகளைக் கோடாலியால் பிளந்து, ஈயத் தகடுகளை உருவிப் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளிருந்த அமிலம் வாசலைத் தாண்டி மண்ணுக்குள் இறங்கியது. [பக்கத்திலிருந்த மரம் பட்டுப்போயிருந்தது என்று எழுதினால் நான் சோடித்ததாக நினைப்பீர்கள். பட்டுப்போய்த்தான் இருந்தது.]

மொட்டைத் தலை. மீசையும் இல்லை. வேண்டுதலா என்று கேட்டுவைத்தேன்.

"இல்லீங்க. எம் பொண்ணுக்காக" என்றார்.

3

பொண்ணுக்கு மூன்று வயது. சில மாதங்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். ரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறது என்றார் டாக்டர்.

"பேட்டரி சாமான் எதாவது வீட்டுல வெச்சிருக்கீங்களா?"

"ஐயோ, இல்லீங்க. ஒரு திருகாணிகூட வீட்டுக்குள்ள கொண்டு வரமாட்டேன்."

"நீங்க வர்றீங்கல்ல? சட்டையில, முடியில, மீசையில தூசி ஒட்டிக்கிட்டு வரும். அவ அதத் தொட்ட கைய வாயில வைப்பா."

(அவர் முகம் எப்படி மாறியது என்று மூன்று வாக்கியம் எழுதி அடித்துவிட்டேன். அவர் அதைச் சொல்லவில்லை. அங்கிருந்து நேரே சலூனுக்குப் போனதை மட்டும்தான் சொன்னார்.)

4

எல்லாவற்றையும் மழித்து, இரண்டு முறை குளித்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மகள் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"அப்பாதான்டி. பாரு, நம்ம அப்பா" என்றாள் அம்மா.

"இல்ல! அப்பா வேணும்!"

மனைவி சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அவர் மகளுக்கு இரண்டு முழம் தள்ளிச் சுவரோரம் உட்கார்ந்தார். கிட்டே போகப் பயம். எழுந்து போகவும் மனம் வரவில்லை.

5

அவர் வேலையை விடுவதாக ஒரு முடிவு எழுதி அவரிடமே படித்துக் காட்டினேன்.

"எழுதறதுக்கு நல்லாத்தான் இருக்கு. நான் விட்டா இன்னொருத்தன் வருவான். அவனுக்கும் ஒரு பொண்ணு இருக்கும்ல?"

நான் ஸ்கூட்டரை விற்பதாக இன்னொன்று. மறுபடி பெட்ரோல் வண்டி வாங்கி, அதன் புகையை வேறொரு குழந்தைக்கு— அதுவும் பாதியில் நிற்கிறது.

நடந்தது இவ்வளவுதான். முதலாளியோடு மல்லுக்கட்டிக் கொட்டகையில் ஒரு குழாய் போட வைத்தார். இப்போது அங்கேயே குளித்து, உடை மாற்றிக்கொண்டுதான் எல்லோரும் வீட்டுக்குப் போகிறார்கள். மகளுக்கு அடுத்த ரத்தப் பரிசோதனை நாள் இன்னும் வரவில்லை.

மீசையை மழித்த ஐந்தாம் நாள் மகள் தானாகவே அவர் முன்னால் வந்து நின்றாள்.

"எங்கப்பா வந்துருவாரு. நீ போ."

"வந்தா என்ன பண்ணுவாரு?"

"தூக்குவாரு."

அவர் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகக்கண்களை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார்.

இதற்குமேல் எழுத எனக்குக் கை வரவில்லை. அந்தக் கைகள் சுத்தம்தானா என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள், அவள் இரண்டு கைகளையும் மேலே தூக்கிவிட்டாள்.