போவதற்கு முன்பே வந்தவள்

தியேட்டரில் படம் ஓட்டும் ஆபரேட்டரின் மகள் வாலு, காணாமல் போவதற்கு ஒரு மாதம் முன்பாகவே கிழவியாகத் திரும்பி வந்துவிட்டாள். அப்போது பதினொரு வயது வாலு வீட்டில்தான் இருந்து சேட்டை பண்ணிக்கொண்டிருந்தாள் என்பதால், வந்தவளை யாரும் அவளோடு சேர்த்துப் பார்க்கவில்லை. கிழவி தியேட்டருக்கு எதிரே சைக்கிள் கடை மாடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, தினமும் மதியக் காட்சிக்கு வந்து உட்கார்ந்தாள். அவளை முதலில் சந்தேகப்பட்டது, டிக்கெட் கொடுப்பவளின் மகளும் வாலுவின் உயிர்த்தோழியுமான சுருட்டை. அன்றுதான் வெளியான படத்தில், சிரிப்பு வருவதற்கு ஒரு மூச்சு முன்பே கிழவி சிரித்தாள். சோகம் தொடங்குமுன்பே கைக்குட்டையை எடுத்தாள்.

தோழிகள் துப்பறியக் கிளம்பினார்கள். கிழவியின் மாடிப்படிக்கு அடியில் ஒளிந்துகொண்டு, அவள் இறங்கி வருவதைப் பார்த்திருந்தார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "சுருட்டை, தும்மல் வரப்போகுது, மூக்கைப் பிடிச்சுக்கோ" என்றாள். சுருட்டை தும்மினாள். வாலு விழுந்தடித்துக்கொண்டு ஓடிவிட்டாள். சுருட்டைக்குக் கால் நகரவில்லை. போன வருஷம் வாலுவின் மணிக்கட்டில் புரொஜெக்டர் சுட்டு உண்டான பிறை வடிவத் தழும்பு, கைப்பிடியைப் பற்றியிருந்த கிழவியின் மணிக்கட்டிலும் இருந்தது. சுருட்டை அதைத் தொட்டுப் பார்த்து, "நீங்க வாலுவா?" என்று கேட்டாள்.

திரைக்கு இடப்பக்கத்துக் கதவு வழியாக வெளியேறினால் சில சமயம் பழைய வருஷம் ஒன்றில் போய் இறங்க நேரிடும் என்பது தியேட்டர் ஊழியர்களுக்குத் தெரிந்ததுதான். எலித் தொல்லையைப் போல அதையும் வெளியே சொல்லாமல், உடைந்த நாற்காலிகளைப் போட்டு அடைத்து வைத்திருந்தார்கள். வாலு அந்த வழியாகத்தான் போகப்போகிறாள் என்று கிழவி சொன்னதும், கதவுக்கு ஆணியடித்துவிடுவதாகச் சுருட்டை அழுதாள். கிழவி அவளருகே படியில் உட்கார்ந்தாள்.

"அடிச்சிடலாம்டி. ஆனா அங்க எனக்கு மூணு பிள்ளைங்க பொறந்தாங்க. நான் போகலைன்னா அவங்க என்ன ஆவாங்க?"

சுருட்டை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அங்கே போய் இறங்கியதும் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டாள்.

"குளிர்தான் தாங்க முடியல."

சுருட்டை இதை யாரிடமும் மூச்சுவிடவில்லை. வாலுவோடு சண்டை போடுவதையும் நிறுத்திவிட்டாள். "உனக்கு என்னடி ஆச்சு?" என்று வாலுவுக்கே எரிச்சல் வந்தது. கடைசியில் ஒரு மதியக் காட்சியில், இடைவேளை முடிந்து விளக்கு அணைந்ததும், வாலு நாற்காலிகளை நகர்த்தினாள். அந்தப் பக்கம் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வரலாம் என்று கூப்பிட்டாள். சுருட்டை வரவில்லை என்றாள். ஏசிக்காகப் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றி வாலுவுக்கு மாட்டி, கழுத்துவரை பொத்தான் போட்டுவிட்டாள்.

"வெளிய அடிக்கிற வெயில்லயா? லூசு!" என்று சிரித்துக்கொண்டே வாலு போனாள். கதவு சாத்திக்கொண்டது. பின்வரிசையில் கிழவி முதல் தடவையாக, படத்தில் ஒன்றுமே நடக்காதபோது அழுதாள்.

போலீஸ் குளம் குட்டையெல்லாம் தேடியது. ஆபரேட்டர் ரீல் மாற்ற மறந்து வெறும் வெள்ளைத் திரையை ஓடவிட்டார். அதைப் பார்க்கப் பொறுக்காமல் சுருட்டை கிழவியின் கையைப் பிடித்து அவர் வீட்டுக்கு அழைத்துப் போய், "இதோ இருக்கா" என்றாள். வாலுவின் தாய் அந்த நரைத்த தலையையும் தழும்பையும் வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "எங்கடி போய்த் தொலைஞ்சே?" என்று முதுகில் ஓர் அடி வைத்துவிட்டு, கட்டிக்கொண்டு கதறினாள்.

தெருக்காரர்கள் கொஞ்சநாள் அதைப் பற்றிப் பேசினார்கள், அப்புறம் தண்ணீர் வரி உயர்ந்ததைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். இளம் தாய் கிழட்டு மகளுக்குத் தலைவாரிவிடுவதும், சாயங்காலங்களில் ஒரு சிறுமியும் கிழவியும் பந்தாட்டத்தில் யார் ஏமாற்றியது என்று சண்டை போடுவதும் எல்லோருக்கும் பழகிப்போயின.

மறு வருஷம், காதோரம் நரைத்த ஒருவர் பெட்டியோடு வந்து வாசலில் நின்று, "பாட்டி இருக்காங்களா?" என்று தயங்கிக் கேட்டார். ஆபரேட்டரின் மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவரைவிட அவளுக்கு வயது குறைவு.

"நான்தான்பா. உள்ள வந்து உக்காரு. உங்கம்மா சுருட்டையோட விளையாடப் போயிருக்கா, இப்ப வந்துடுவா."