நன்றியுரைக்குப் பிறகு

எங்கள் கல்லூரி அரங்கில் நன்றியுரை முடிந்ததும் அறுநூறு இரும்பு நாற்காலிகள் ஒரே சமயத்தில் பின்னால் நகரும். ஐம்பது வருடங்களுக்கு முன் கேட்ட அந்த ஓசை, கைபேசிச் செயலியில் முதல் நன்றிகளை எழுதிய மறுநாள் காலை என் வீட்டுக்குள் கேட்டது. நன்றி சொல்லப்பட்டவை எழுந்து போய்க்கொண்டிருந்தன.

வெள்ளம் வடிந்தும் என் நடுக்கம் வடியவில்லை. குழாயைத் திறந்தாலே கை உதறியது. மருத்துவர்தான் அந்தச் செயலியை ஏற்றிக் கொடுத்து, தினமும் மூன்று நன்றிகள் எழுதச் சொன்னார். சுவர்க் கடிகாரம், காபி ஃபில்டர், எதிர்ப்பக்கத்து வேப்பமரம் என்று எழுதினேன். கடிகாரம் வாசலில் நின்று மணி பார்த்துவிட்டுக் கிளம்பியது. மரம் தன் நிழலையும் சுருட்டி எடுத்துக்கொண்டது. செயலி என்னைப் பாராட்டியது. அன்று மதியம் நன்றாகத் தூங்கினேன்.

மேல்வீட்டு எஸ்தரின் பெயரை மட்டும் எழுதவில்லை. கழுத்தளவுத் தண்ணீரில் என்னைப் புடவையால் கட்டி மாடிக்கு இழுத்தவள் அவள். அன்றிலிருந்து என் கூடத்தில்தான் படுக்கிறாள். தினமும் என் கைபேசியை வாங்கிப் பார்ப்பாள்.

“சொம்புக்குக்கூட எழுதியிருக்கீங்க. எனக்கு ஒரு வரி கிடையாதாக்கா?”

“நீ என்ன பெருசா செஞ்சுட்டே?”

“அதானே. இடுப்பு பிடிச்சதும் எனக்குத்தான், பேச்சு வாங்குறதும் நான்தான்.”

நாற்பதாம் நாள் வீட்டில் மூன்று நன்றிக்குப் போதுமான பொருள் மிச்சமில்லை. அன்று மாலை ஆறு மணிக்குள் நான் எழுதாவிட்டால், நான் அதிகம் பேசும் பெயரைத் தானே எழுதிக்கொள்வதாகச் செயலி அறிவித்தது. நான் பேசுவது எஸ்தரிடம் மட்டும்தான்.

ஐந்து ஐம்பதுக்கு எழுதினேன். மாடிக்கு ஒரு படி கீழே நின்றுகொண்டதற்காக வெள்ளத்துக்கு நன்றி. அது சுவரில் விட்டுப்போன கோட்டுக்கு நன்றி. இத்தனை நாள் என்னைத் தனியே விடாத நடுக்கத்துக்கு நன்றி. மூன்றும் மனதாரத்தான் எழுதினேன்.

காலையில் கோடு சுவரிலிருந்து இறங்கிப் போனது. நடுக்கம் என் செருப்பைப் போட்டுக்கொண்டு அதன் பின்னால் நடந்தது. வெள்ளம் ஊரில் இல்லாததால், அதன் சார்பில், அன்று கரை உடைந்த ஏரி எழுந்து போயிற்று. நான் குழாயைத் திறந்து முகம் கழுவினேன். கை உதறவில்லை.

எஸ்தர் கைபேசியைப் பார்த்துவிட்டு, வெள்ளத்துக்கு இருக்கும் மரியாதைகூடத் தனக்கு இல்லை என்றாள். ஆமாம் என்றேன்.

ஏரி மீன்களை விட்டுவிட்டுப் போயிருந்தது. எஸ்தர் மேல்வீட்டை அவற்றுக்குக் கொடுத்துவிட்டு, என்னோடு கீழேயே இருக்கிறாள்.